கப்பலுக்குப் போகாத செய்தி

நம் வயதுக்காரர்களுக்கு வெளிநாட்டுச் சோப்பைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அது குளிப்பதற்கு வந்தது இல்லை. பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே வைப்பதற்கு வந்தது. விருந்தாளி வந்தால் மட்டும் குளியலறைக்குப் போகும், அவர் கிளம்பியதும் துடைத்துக் காயவைத்துப் பீரோவுக்கே திரும்பிவிடும். எங்கள் வீட்டுப் பீரோவில் அப்படி ஏழெட்டு சோப்புகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு துறைமுகத்தில் வாங்கியது. சித்தப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்தார்.

போன வாரம் எங்கள் குடியிருப்புச் சொஸைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு கப்பல் படத்தைப் போட்டு, கடலில் உழைப்பவர்களுக்கு வணக்கம் என்று எழுதியிருந்தார். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். போட்ட பிறகு அழித்துவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். வணக்கம் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்கு அங்கே வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. அப்பாவும் சித்தப்பாவும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கடலே இல்லாத புனேயில் கப்பல்காரர் எதற்குக் குடியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பம்பாயில் வாடகை கட்டுப்படியாகாது, அண்ணன் இங்கே இருக்கிறார், அவ்வளவுதான். கல்யாணம் ஆகி சித்தி வந்த பிறகும் எல்லோரும் ஒரே வீட்டில்தான். அப்பா, அம்மா, நான், சித்தி, அவ்வப்போது சித்தப்பா.

இந்த 'அவ்வப்போது' என்பதை சொஸைட்டியில் யாராலும் புரிந்துகொள்ள முடியவில்லை. ஒன்பது பத்து மாதம் ஆளே இருக்கமாட்டார். பிறகு வந்து மூன்று மாதம் லுங்கியோடு பால்கனியில் நிற்பார். சொஸைட்டிச் செயலாளர் அவரைப் பார்க்கும்போதெல்லாம், "க்யா பாய், ஃபிர் சுட்டி?" என்பார். மறுபடியும் லீவா என்று. எங்கள் அம்மாவுக்கே உள்ளூர அந்த எண்ணம்தான். "குடுத்து வச்ச வேலை மதினி, ஒங்க கொழுந்தனுக்கு" என்று சித்தப்பா தன்னையே கேலி செய்துகொள்வார்.

அவருடைய சட்டைகளில் எத்தனை முறை துவைத்தாலும் டீசல் வாசனை போகாது. கை முழுக்கச் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். டிசம்பர் குளிரில் நாங்கள் ஸ்வெட்டரோடு நடுங்கும்போது அவர் மேஜை விசிறியைத் தலைமாட்டில் ஓடவிட்டுத் தூங்குவார். காற்றுக்காக இல்லை, சத்தத்துக்காக. கரண்ட் போய் விசிறி நின்றால் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவார். "கப்பல்ல இன்ஜின் சத்தம் கேக்குற வரைக்கும் தூங்கலாம் ஏட்டி. சத்தம் நின்னாத்தான் முழிக்கணும்" என்று எனக்குச் சொன்னார். வேண்டுமென்றே விசிறியை அணைத்துவிட்டு அவர் எழுவதைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு விளையாட்டு. ஒரு நாளும் அவர் அதற்காக என்னைத் திட்டவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சித்தப்பா கடலில் இருக்கும்போது கெட்ட செய்தி எதுவும் அவருக்குப் போகக்கூடாது. ஊர் வீட்டுக் கூரை ஒழுகினாலும் ஒழுகவில்லை. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வரவில்லை. நான் கணக்கில் பெயிலானதுகூட அவருக்குப் பாஸ்தான். கப்பல்காரர்கள் வீடுகளில் இது எழுதாத வழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் அப்பாவின் பிடிவாதத்துக்குத் தனிக் காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா, என் தாத்தா, இறந்தபோது செய்தியைக் கப்பலுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கப்பல் நடுக்கடலில். அடுத்த துறைமுகம் வெகுதூரம். இறங்க வழியில்லை. சித்தப்பா தன் வேலை நேரத்தை யாருக்கும் மாற்றிக் கொடுக்காமல் இன்ஜின் அறைக்கு இறங்கி, அழுதுகொண்டே எதையோ திருகப் போய், நீராவிக் குழாயில் கையை வைத்துவிட்டார். இடது உள்ளங்கையில் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்த அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த பயணத்துக்கு அவர் போனபோது சித்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. இந்த முறை மூன்று மாத ஒப்பந்தம்தான், பிரசவத்துக்கு முன்னால் திரும்பிவிடலாம் என்றுதான் கணக்கு. பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனி ஒப்பந்தத்தை நீட்டிவிட்டது.

குழந்தை காலையில் பிறந்தது, பெண். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எஸ்டிடி பூத்துக்குப் போய் பம்பாயில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குச் சொன்னார். தாயும் சேயும் நலம். அவர்கள் அதை ரேடியோவில் கப்பலுக்கு அனுப்பினார்கள். அப்பா பேடா வாங்கி சொஸைட்டி முழுக்கக் கொடுத்தார், செயலாளருக்கு இரண்டு. மறுநாள் சாயங்காலம் குழந்தை இறந்துவிட்டது. மூச்சுக் கோளாறு என்றார்கள். பிள்ளைகள் வரக்கூடாது என்று என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவே இல்லை. வெறுங்கையோடு சித்தி ஆட்டோவிலிருந்து இறங்கியதைத்தான் பார்த்தேன். ஆட்டோக்காரருக்குக்கூடப் புரிந்துவிட்டது போல, மேடு பள்ளத்தில் மெதுவாக ஓட்டி வந்தேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று கூடத்தில் நடந்த பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"போன செய்தி போனதாவே இருக்கட்டும்" என்றார் அப்பா. "அவன் வந்தப்பறம் சொல்லிக்கலாம்."

"அவுககிட்ட சொல்லிருதேன் அத்தான்" என்றாள் சித்தி. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு.

"நடுக்கடல்ல கெடந்து அவன் என்னம்மா செய்வான்?"

"அழுவாக."

"அதுக்குத்தான் சொல்லுதேன். இன்ஜின் பக்கத்துல நிக்கவன். போன தடவ கையோட போச்சு."

"நானும் அழுதுகிட்டுதான அத்தான் இருக்கேன்" என்றாள் சித்தி. "தனியா."

அப்பா கெட்டவர் இல்லை. தம்பியின் உள்ளங்கையைத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு, ஒரு பெரிய ரகசியம் நம் வீட்டுக்குக் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு மாதிரி பூரித்தேன். இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பூரித்தேன்.

கப்பல் பிரேசிலில் நின்றபோது சித்தப்பா போன் செய்தார். வெளிநாட்டுப் போன் என்றால் இங்கிருந்து பேசினால் அங்கே போய்ச் சேர ஒரு நொடி ஆகும், நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கும், நினைவிருக்கிறதா? அப்பா சத்தம் போட்டுப் பேசினார். எல்லாரும் நல்லா இருக்கோம், பிள்ளை நல்லா இருக்கா. பிறகு சித்தியிடம் ரிசீவரைக் கொடுத்தார். சித்தி "ம்" என்றாள். இன்னொரு "ம்". அதற்குமேல் அவளால் முடியவில்லை. யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற என் கையில் ரிசீவரைத் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஏட்டி, சித்தி ஏன் பேசமாட்டேங்கா?"

"வெக்கம் சித்தப்பா" என்றேன். அப்பா என்னை மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"பாப்பா எப்படி இருக்கா? யாரு மாதிரி?"

"ஒங்கள மாதிரிதான் சித்தப்பா. காது அப்படியே ஒங்க காது. மேல கொஞ்சம் மடிஞ்சிருக்கும்லா, அதே மாதிரி."

அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முழுக்க என் சொந்தச் சரக்கு. மறுமுனையில் ஒரு நொடி கழித்து சித்தப்பா சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. பின்னாலும் அதிகம் கேட்டதில்லை.

அங்கிருந்தே கடிதம் போட்டிருந்தார். பாப்பா குரலைக் கேசட்டில் பிடித்துப் பம்பாய் அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த துறைமுகத்தில் கப்பலுக்குக் கொண்டுவந்து தருவார்களாம்.

எங்களுக்கு நேர் மேல் வீட்டில் ஒரு மராத்திப் பெண் இருந்தாள். காகு என்போம், மராத்தியில் சித்தி. அவளுக்கும் கைக்குழந்தை, சித்தியின் குழந்தைக்கு மூன்று மாதம் மூத்தது. காகுவுக்கு வெள்ளை மனசு. சும்மா குழந்தையைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று அம்மா கேட்டதும், பாவம், இவர்கள் வீட்டில் இப்படி ஆகிவிட்டதே, மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று கொண்டுவந்து கொடுத்தாள். சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கிய டேப் ரெக்கார்டரைக் கூடத்தில் வைத்து அப்பா பொத்தானில் விரலோடு காத்திருந்தார். குழந்தை அழவில்லை. கையில் ஒரு ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. நான் போய் அந்த ஸ்பூனைப் பிடுங்கினேன். வீறிட்டு அழுதது. அப்பா கையைக் காட்டி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார். நான் ஸ்பூனை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றேன்.

சித்தி உள்ளறையில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அவளுக்கு அப்போது பால் கட்டி மார்பு வலிக்கும் என்பதும், பக்கத்தில் ஒரு குழந்தை அழுதால் உடம்பு தானாகச் சுரக்கும் என்பதும் எனக்குப் பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும்.

சித்தப்பா மழைக்காலம் முடிகிற சமயத்தில் வந்தார். பம்பாய் தாதரிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினார். இரண்டு பெட்டி, ஒரு பெரிய அட்டைப்பெட்டி. படியேறி வந்தவர் வாசலிலேயே செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினார்.

"தூங்குதாளா?" என்று கிசுகிசுத்தார்.

அப்பா ஒரு திட்டம் வைத்திருந்தார். பயணம் செய்து வந்தவன், வெறும் வயிறு, முதலில் சாப்பிடட்டும், பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்பது திட்டம். அம்மா, "மொதல்ல சாப்பிடுங்க" என்று இலை போட்டாள். சித்தி உள்ளறையில்தான். பிள்ளையோடு இருக்கிறாள் என்று சித்தப்பா நினைத்துக்கொண்டார். அதனால் சாப்பிடும்போதும் மெல்லிய குரலிலேயே பேசினார். அந்தக் குரல்தான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது.

செய்தி வந்த அன்று கேப்டனே மெஸ்ஸுக்கு வந்து எல்லோர் முன்னாலும் படித்தாராம். கோவாக்காரச் சமையற்காரர் கேக் செய்தாராம். கேசட் வந்ததும் கப்பலில் அத்தனை பேரும் கூடிக் கேட்டார்களாம். தன் சொந்தக் குழந்தையை இன்னும் கண்ணால் பார்க்காத ஒரு பீகார்ப் பையன், இன்னொரு தடவை போடுங்கள் சார் என்று கேட்டு, முழுக்கக் கேட்டுவிட்டு வேலைக்குப் போனானாம். நாங்கள் ஏமாற்றியது சித்தப்பாவை மட்டும் இல்லை, ஒரு கப்பல் ஆட்களை.

"நம்ம ரத்னாகிரி ஃபிட்டர் ஒருத்தர் இருக்காரு, மதினி. பழைய வால்வுப் பித்தளைய லேத்துல கடைஞ்சு, உள்ள பேரிங் குண்டு போட்டு..." என்று சட்டைப் பையிலிருந்து எடுத்தார். ஒரு கிலுகிலுப்பை. சின்னக் கைக்கு ஏற்ற பிடி. ஓரத்தில் எங்கும் கூர் இல்லாமல் தேய்த்து மெருகேற்றியிருந்தார் அந்த மனுஷன். சத்தம் வராமல் இருக்க சித்தப்பா அதைப் பொத்திப் பிடித்துக்கொண்டு காட்டினார். மறுபடியும் பைக்குள் போட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் குனியும்போது அது லேசாகக் குலுங்கியது.

அம்மா ரசம் ஊற்ற வந்தபோது அவர் பால்கனியைப் பார்த்தார். அங்கே கொடியில் அப்பாவின் வேட்டி, என் யூனிஃபார்ம், இரண்டு புடவை. வெகுநேரம் பார்த்தார். பிறகு இலையில் கையை உதறினார்.

"பச்சப்புள்ள உள்ள வீட்டுல, கொடியில ஒரு துணிகூட இல்லையே அண்ணே" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு சித்தி வெளியே வந்தாள்.

"பொறந்த மறுநாளே போயிட்டா" என்றாள்.

"மறுநாளேயா?" அவர் அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப... கேசட்டுல?"

அந்த நேரம் பார்த்து மேல் வீட்டில் காகுவின் குழந்தை அழுதது. சித்தப்பா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். கடலில் எத்தனையோ நாள் தன் அறையில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்ட குரல். அவருக்கா தெரியாது? அது ஓய்கிறவரை எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன் அண்ணே, என்னையும் அவளையும் சேர்ந்து அழ விட்டிருக்கலாமே" என்று மட்டும் ஒரு தடவை சொன்னார். லீவு முடிவதற்கு முன்னாலேயே வேறு கப்பல் ஏறிவிட்டார். கண்ணில் பட்டால் வருத்தம்தானே என்று அப்பா அந்தக் கிலுகிலுப்பையை மேல் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டார். அதுவும் நல்லெண்ணம்தான்! காகு குடும்பம் நாக்பூருக்கு மாற்றலாகிப் போனபோது அதுவும் போய்விட்டது. அடுத்த முறை வந்த சித்தப்பா அலமாரி அலமாரியாக எதையோ தேடினார். எதைத் தேடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்த முறை சித்தப்பா ஒப்பந்தத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தார். புனேயிலேயே விஷ்ராந்த்வாடியில் தனி வீடு வாங்கிப் போனார்கள். பின்னால் அப்பா காலமானார். முதல் குழந்தையைப் பற்றி எந்தக் காலத்திலும் யாரும் பேசவில்லை. சட்டம் கப்பலுக்கு மட்டும் என்று இருந்தது, கரையிலும் வந்து குடியேறிவிட்டது.

வாட்ஸ்அப்பில் கும்பிட்ட கையோடு, ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போனேன். சித்தப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. இன்ஜின் சத்தத்தின் உபயம். ஆனாலும் கூடத்துக் கட்டிலில் அவர் தலைமாட்டில் விசிறி ஓடிக்கொண்டேதான் இருந்தது. சித்தி சாப்பாட்டு மேஜையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குழுவில் வந்த கப்பல் படத்தைக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏட்டி, ஒன்ன ஒன்னு கேக்கணும்" என்றார். "அன்னைக்கு போன்ல சொன்னியே. பாப்பாவுக்கு என் காதுன்னு."

நான் போனை மேஜையில் வைத்தேன்.

"அந்தக் காத வச்சுத்தான் நான் அவ மொகத்த நெனச்சுக்கிடுதது. வேற ஒன்னும் எங்கிட்ட இல்ல பாரு. மேல மடிஞ்சிருந்துதுன்னேல்லா? ரெண்டு காதுமா, ஒன்னு மட்டுமா?"

இரண்டும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பார்க்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அதுவும் வந்தது. எதைச் சொன்னாலும் அவரிடம் இருக்கும் ஒரே ஒரு காதை நான் தொட்டுக் கெடுத்துவிடுவேன் என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவ எங்க பாத்தா?" என்றாள் சித்தி, பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "புள்ளைகள யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தா? நாந்தான் பாத்தேன்."

சித்தப்பா திரும்பினார். "நீ ஒன்னுமே சொன்னதில்லையே."

"நீங்க கேட்டீகளா?"

"கேட்டா நீ அழுவேன்னு..."

"அழுதா என்ன?" என்றாள் சித்தி. உரித்த பட்டாணியைக் கையால் ஒதுக்கிவிட்டு அவரை நேராகப் பார்த்தாள். "காது ஒங்க காது இல்ல. அது என் காது. நெத்திதான் ஒங்களோடது. அகலமா. அப்பறம்..."

அவளுடைய குரல் தாழ்ந்துவிட்டது. சித்தப்பா காதருகே கையைக் குவித்துப் பார்த்தார். கேட்கவில்லை போலிருக்கிறது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விசிறியை அணைத்துவிட்டு வந்து, அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு" என்றார்.